குடித்தும் ஆடாதவன்

கல்யாண வீட்டிலும் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாளும் எங்கள் பக்கம் தவறாமல் காதில் விழும் பாராட்டு ஒன்று உண்டு. "பயல் எவ்வளவு அடிச்சாலும் ஆடமாட்டான். கூடப் போனவனெல்லாம் தரையில கெடந்தான். இவன் அவனுகளைத் தூக்கிட்டுப் போய் வீட்டுல விட்டுட்டு, விடியக்காலம் ரப்பர் பால்வெட்டுக்கும் போயிட்டான்." சொல்லுகிற மாமாவின் குரலில் பெருமை இருக்கும். கேட்கிற அம்மைக்கு மகன் குடித்தானே என்ற வேதனை இருந்தாலும், மற்றவர்களைப்போல விழுந்து கிடக்கவில்லையே என்று ஓர் ஆறுதலும் இருக்கும்.

அந்த ஆறுதலுக்கு இடமில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இருபது வயதில் ஆடாமல் நிற்கிறவன் பின்னால் என்ன ஆகிறான் என்பதைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சான்டியாகோவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர் 1978இல் அந்த ஆய்வைத் தொடங்கினார். இருபது வயதை ஒட்டிய சுமார் 450 இளைஞர்களைச் சேர்த்தார். பாதிப்பேருக்குத் தகப்பன் குடிநோயாளி, மீதிப்பேருக்கு அப்படி இல்லை. இளைஞர்களில் யாருமே அப்போது குடிக்கு அடிமையானவர்கள் அல்லர். அளந்து மது கொடுத்து, எவ்வளவு ஏறியதாக உணர்கிறாய் என்று கேட்டார்கள். நிற்க வைத்து, உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்பதையும் கருவி வைத்து அளந்தார்கள்.

பிறகு விட்டுவிடவில்லை, தேடிப் பிடித்து மறுபடி பார்த்தார்கள். 1994இல் வெளிவந்த முடிவு இது. குடிநோயாளிகளின் மகன்களில், அன்று போதை குறைவாக ஏறியவர்களில் 56 சதவீதம் பேர் அடுத்த பத்தாண்டுகளுக்குள் தாங்களும் குடிநோயாளி ஆகியிருந்தார்கள். போதை எளிதில் ஏறி, ஆடிப்போனவர்களில் அது 14 சதவீதம்.

காரணம் புரியாத மர்மம் ஒன்றுமில்லை. போதும் என்று உடம்பு சொல்லுகிற சொல் இவனுக்குத் தாமதமாக வருகிறது. மற்றவன் இரண்டில் நிறுத்தும்போது இவன் நான்கைத் தாண்டியிருப்பான். தன் அளவுக்குக் குடிக்கிறவர்களே இவனுக்குக் கூட்டாளிகளாக அமைகிறார்கள். ஈரலும் இதயமும் அவன் ஆடினானா என்று கேட்பதில்லை, உள்ளே போன அளவைத்தான் கணக்கு வைக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே குடியில் சீரழிந்த அப்பாவோ பாட்டாவோ இருந்து, பயலும் "எனக்கு ஏறவே மாட்டேங்குது" என்றால், அந்த வீடு பதற வேண்டிய நேரம் அது. நாமோ அன்றைக்குத்தான் தோளில் தட்டிக் கொடுக்கிறோம்.

நான் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் விலங்கியல் ஆசிரியை. பன்னிரண்டு வயதில் வந்து சேருகிற பிள்ளைகளைப் பதினேழு வரைக்கும் தினமும் பார்க்கிறேன். அப்புறம் பஸ்ஸிலும், தேவாலயப் பெருநாளிலும், துக்க வீட்டிலும், வளர்ந்த ஆண்களாகப் பார்க்கிறேன். நடுவில் நடந்தது எனக்குத் தெரிவதில்லை. முதல் பெஞ்சில் இருந்து தவளையின் இதயத்தைப் பிசகாமல் வரைந்தவன், முப்பது வயதில் கை நடுங்க டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு "டீச்சர், சொகமா?" என்று கேட்கும்போது, இடையில் கிடக்கிற அந்தப் பத்துப் பதினைந்து வருடம்தான் எனக்கு வேண்டியிருக்கிறது. நீண்டகால ஆய்வுகளை நான் வாசிக்கத் தொடங்கியது அதனால்தான்.

ஒரே ஒரு தடவை வீடு வீடாகப் போய்க் கேட்கிற கணக்கெடுப்பு நம்மிடம் உண்டு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 25.4 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள், பெண்களில் 0.3 சதவீதம் பேர். இது அவசியமான கணக்குத்தான். ஆனால் இந்த நூறில் இருபத்தைந்து பேரில் எவன் நாற்பது வயதில் தானாகக் குறைத்துக்கொள்வான், எவன் ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையில் ஈரல் வீங்கிப் படுப்பான் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல, அதே பிள்ளையை, அதே பெயரோடு, வருடக்கணக்கில் விடாமல் பார்க்க வேண்டும்.

முதல் மடக்கு எந்த வயதில் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1997இல் பிரிட்ஜெட் கிராண்ட், டெபோரா டாசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பெரியதொரு தேசியக் கணக்கெடுப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோவொரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். இதைக் கேட்டவுடன் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். சின்ன வயதில் குடித்ததால் கெட்டானா, ஏற்கெனவே கெடுகிற பாதையில் இருந்ததால் சின்ன வயதில் குடித்தானா? எங்கள் ஆசிரியர் அறையில் இந்த விவாதம் அடிக்கடி நடக்கும். "அது அந்த மாதிரிப் பயல், டீச்சர்" என்ற ஒரே வாக்கியத்தில் பல பேர் அதை முடித்து வைப்பார்கள்.

அதற்கு விடை நியூசிலாந்தின் டுனிடின் என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கே 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை பிறந்தவர்களில் 1,037 பேரைச் சிறுவயதிலிருந்து இன்றுவரை பின்தொடர்கிறார்கள். பிள்ளைகள் குடிப்பதற்கு முன்பே அவர்களுடைய நடத்தை, குடும்பம், வறுமை எல்லாம் பதிவாகியிருந்ததால் முன் எது, பின் எது என்று பிரிக்க முடிந்தது. 15 வயதுக்கு முன் மதுவையோ போதைப்பொருளையோ தொட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அதற்கு முன்னால் எந்த நடத்தைச் சிக்கலும் இருந்ததில்லை. நல்ல பிள்ளைகள். அப்படியும், வளர்ந்தபின் அடிமைப்படும் அபாயம் அவர்களுக்குக் கூடியிருந்தது. 2008இல் வெளிவந்த இந்த முடிவை வாசித்த பிறகு "அந்த மாதிரிப் பயல்" என்ற பேச்சை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இந்த மாவட்டத்தில் ரப்பர் வைத்திருக்கிற யாரும் ஏழு வருடம் ஆகாமல், சுற்றளவு தேறாமல், மரத்தில் கத்தி வைக்கமாட்டார்கள். பால் வராது என்பதற்காக அல்ல. வரும், ஆனால் மரம் வளராது. மூளையின் முன்பகுதி, அதாவது ஆசையை அடக்கி, விளைவை யோசித்து, போதும் என்று எழுந்திருக்கச் சொல்லுகிற பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. மரத்துக்குக் காட்டுகிற பொறுமையைப் பிள்ளைக்கும் காட்டுங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

இது வெள்ளைக்காரர்கள் கதை என்று ஒதுக்குகிறவர்களுக்குக் கோவாவிலிருந்து ஒரு கணக்கு. 1956–60இல் பிறந்த ஆண்களில் பதின்பருவத்திலேயே குடிக்கத் தொடங்கியதாகச் சொன்னவர்களின் பங்கு 19.5 சதவீதம். 1981–85இல் பிறந்தவர்களில் அது 74.3 சதவீதம். மனநல ஆய்வாளர் விக்ரம் படேல் உள்ளிட்ட குழு 2014இல் வெளியிட்டது இது. வளர்ந்த ஆண்களிடம் பழசை நினைவுபடுத்தச் சொல்லிக் கேட்டதால், டுனிடின் அளவுக்கு இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ஒரே தலைமுறைக்குள் இவ்வளவு பெரிய மாற்றம் வெறும் ஞாபகப் பிசகாக இருக்க முடியாது. கோவாவும் நம்மைப்போலக் கடலும் தென்னையும் கோயில் திருவிழாவும் வெளிநாட்டுச் சம்பாத்தியமும் உள்ள ஊர்தான்.

இனி நான் அதிகம் சண்டை போட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு முதல் மடக்கைக் கொடுப்பது யார்? பெரும்பாலும் தெருவில் நிற்கிற ரவுடி இல்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடுகிற திராட்சை ஒயினை "இது மருந்து மக்கா" என்று நீட்டுகிற பாட்டி. கொடைக்கு வந்த மாமா. விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்து வந்து, டூட்டி ஃப்ரீ பாட்டிலைத் திறந்துவைத்த அப்பா. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பனார் பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் நேராகச் சொன்னார்: "டீச்சர், ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சாத்தான் கெட்டுப் போவான். எங்கூட இருந்து ரெண்டு மடக்கு குடிச்சா அளவு தெரியும்லா?" அவர் பொறுப்பில்லாத மனிதர் இல்லை. மகன்மீது உயிரையே வைத்திருப்பவர். தன் அப்பாவுக்குப் பயந்து, தென்னந்தோப்பில் ஒளிந்து குடித்த நினைவு அவருக்கு இருந்தது. அந்தப் பயம் மகனுக்கு வரக்கூடாது என்று நினைத்தார்.

அவருக்காகவே செய்ததுபோல ஓர் ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கிறது. ரிச்சர்ட் மேட்டிக் தலைமையில் 1,927 பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் 2010 முதல் 2016 வரை ஆண்டுதோறும் கேட்டார்கள். தொடங்கும்போது பிள்ளைகளுக்குச் சராசரியாக 13 வயதுகூட நிறையவில்லை. பெற்றோர் கையால் வாங்கிக் குடித்த பிள்ளைகள் அளவு கற்றுக்கொண்டார்களா? கற்றுக்கொண்டதற்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. மட்டுமீறிக் குடிப்பதும், குடியால் வருகிற கேடுகளும் அவர்களிடம் கூடித்தான் இருந்தன. வெளியே வாங்கிக் குடிப்பதை வீட்டில் கொடுப்பது தடுத்ததா என்றால் அதுவும் இல்லை. பெற்றோர் மட்டும் கொடுத்த பிள்ளைகளுக்கு, யாருமே கொடுக்காத பிள்ளைகளைவிட, அடுத்த வருடம் மற்றவர்களிடமிருந்து வாங்கிக் குடிக்க இரண்டு மடங்கு வாய்ப்பு இருந்தது. 2018இல் இது வெளியானது. அப்பா திறந்துவிடுகிற கதவு அப்பாவோடு மூடிக்கொள்வதில்லை.

இதை அந்தத் தகப்பனாரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்போ என்ன செய்யணும், அடிக்கணுமா?" என்று கேட்டார். அடிக்க வேண்டாம், கொடுக்காமல் இருந்தால் போதும் என்றேன். "எனக்கு இது பிடிக்கல, உனக்கு 21 ஆகிறவரைக்கும் இந்த வீட்டுல கெடையாது" என்று சத்தம் போடாமல் சொல்லுகிற தகப்பன் தோற்றுப்போன தகப்பன் இல்லை. சட்டமும் அதைத்தான் சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 21 வயது, களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் 23.

அளவு என்ற பேச்சு வந்ததால் ஒரு கணக்கு. எங்கள் பையன்கள் "ஒரு குவார்ட்டர்தான்" என்பார்கள், கொஞ்சம் என்ற அர்த்தத்தில். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். பெருக்கினால் சுமார் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 61 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ உள்ளே போனால் அதை மிகையான குடி என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. ஆய்வுகளில் மட்டுமீறிய குடி என்று அபாயக் கோடு போட்டுக் காட்டுகிற அளவை, இங்கே ஒரு பையன் முழு குவார்ட்டரையும் தனியாக முடிக்கிற முதல் நாளிலேயே தொட்டுவிடுகிறான். பதினொன்றாம் வகுப்பில் மோல் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

ஒரு கால்கட்டைப் போட்டால் சரியாகிவிடுவான் என்ற நம்பிக்கையிலும் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975இலிருந்து பள்ளி இறுதி மாணவர்களைக் கேட்டு, அவர்களில் ஒரு பகுதியினரை நடுவயது வரைக்கும் தொடர்ந்து வருகிறது. கல்யாணமும் குழந்தையும் வந்தால் சராசரியில் குடி குறைகிறது என்பதை அவர்களும் கண்டார்கள். ஆனால் அது தாங்களாக ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்த ஜோடிகளின் சராசரி. மருந்து என்று சொல்லாமலே மருந்தாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கணக்கு அதில் இல்லை. என்னிடம் படித்த பெண்பிள்ளைகளில் சிலர் அந்தக் கணக்கை இன்றைக்கும் தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடங்கள் என்ன செய்கின்றன? போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் உறுதிமொழி, பேரணி, பேனர். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் உறுதிமொழி வேலை செய்யுமா என்று பத்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி, போலீஸ்காரர்கள் வகுப்புக்கு வந்து போதையின் தீமையைச் சொல்லிக் கொடுத்த "டேர்" என்ற திட்டம் அமெரிக்கா முழுவதும் பரவியது. கென்டக்கியில் அதைப் படித்த, படிக்காத ஆயிரம் பேரைப் பத்தாண்டுகள் கழித்து ஒப்பிட்டார்கள். வித்தியாசமே இல்லை. 1999இல் அது வெளியானது. குழந்தைகள் வரிசையில் நின்று கைநீட்டிச் சொல்லுகிற வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஆயிரம் பேர் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

வேலை செய்தது எது என்றால் ஐஸ்லாந்தைப் பாருங்கள். 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016இல் 5 சதவீதம். அவர்கள் பேனர் கட்டவில்லை. எல்லாப் பள்ளியிலும் பெயர் எழுதாத தாளில் பிள்ளைகளைக் கேட்டு, அந்தந்தப் பள்ளியின் முடிவை அந்தந்த ஊர்ப் பெற்றோரிடமே சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. இரவு எத்தனை மணிக்குப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்பதில் ஊரே ஒத்துநின்றது. ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நாலு லட்சத்தைத் தொடாது. 2011 கணக்கில் குமரி மாவட்டத்துக்கு 18.7 லட்சம். எழுத்தறிவில் அன்று தமிழ்நாட்டிலேயே முதலிடம் நமக்கு, 91.75 சதவீதம். பெயரில்லாத ஒரு தாளை வாசித்து நிரப்ப இங்கே எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தாளைத் தலைமையாசிரியர் பார்க்கமாட்டார் என்ற உறுதியைத்தான் நாம் முதலில் கொடுக்க வேண்டும்.

கடையைப் பற்றிப் பேசாமல் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுவது நியாயம் ஆகாது. 2003இலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. மார்த்தாண்டத்தை ஒட்டிய உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லி, 2015 ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் ஏறினார். உயிரோடு இறங்கவில்லை. சேலத்திலிருந்து வந்த மனிதர் எங்கள் பிள்ளைகளின் பாதையில் இருந்த கடைக்காக உயிர்விட்டார். அதற்குப் பின் மாநிலமெங்கும் மாணவர்கள் தெருவுக்கு வந்ததை நான் மறக்கவில்லை. எளிதில் கிடைப்பதும் வயது வரம்பை உண்மையாகக் காப்பதும் சின்ன விஷயங்கள் இல்லை. மிச்சிகன் ஆய்வின்படி 1970களின் இறுதியில் அமெரிக்கப் பள்ளி இறுதி மாணவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்த வருடத்தில் குடித்திருந்தார்கள். 2024இல் பத்தில் நான்கு பேர். இடையில் அங்கே செய்த பலவற்றுள், 1988க்குள் எல்லா மாநிலங்களிலும் வயது வரம்பை 21 ஆக்கியதும் ஒன்று. நமக்கும் அதே 21 சட்டத்தில் இருக்கிறது. கவுன்டரில் வயதைக் கேட்கிற பழக்கம் வர வேண்டும்.

இந்தியாவில் நீண்டகால ஆய்வே இல்லை என்பதில்லை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் முன்னின்று, ஆறு முதல் 23 வயது வரையானவர்கள் 10,000 பேரை இலக்காக வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. மைசூரு, சண்டிகர், கொல்கத்தா, இம்பால், ரிஷிவேலி எல்லாம் அதில் உண்டு, தமிழ்நாட்டில் ஓர் இடம்கூட இல்லை. குமரியில் அப்படி ஒன்று வேண்டும் என்பதே என் ஆசை. மலையடிவாரத்துக் குலசேகரம், கடலோரத்து முட்டம், எல்லையிலுள்ள களியக்காவிளை, நாகர்கோவில் நகரம் என்று நான்கு விதமான வாழ்க்கை ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் இருக்கிற இடம் இது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் பெங்களூருக்கும் மஸ்கட்டுக்கும் போய்விடுவார்களே, எப்படிப் பின்தொடர்வது என்று கேட்பார்கள். டுனிடின்காரர்கள் வெளியூர் போன தங்கள் ஆட்களை விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊருக்கு வரவழைக்கிறார்கள். 45 வயதில் உயிரோடு இருந்த 997 பேரில் 938 பேர் வந்தார்கள், 94 சதவீதம். நம் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கும் கொடைக்கும் தாங்களாகவே வருகிறார்கள். டிசம்பரில் ஆள் இருப்பார்கள், கேட்க நாம் இருக்க வேண்டும்.

ஆய்வு முடிகிறவரை காத்திருக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரி இல்லாமலே செய்யக்கூடியதும் உண்டு. கோவாவில் மருத்துவர் அல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த மிகையாகக் குடிக்கும் ஆண்களோடு சில அமர்வுகள் பேச வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து, முந்தைய இரண்டு வாரங்களில் ஒரு சொட்டும் தொடாதவர்கள் அவர்களில் 42 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 18 சதவீதம். 2017இல் வெளியான இந்த முறையை நம் சுகாதார நிலையங்களிலும் செய்யலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு எங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரை அழைத்திருக்கிறோம், இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதுவரை, 14446 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். குடிக்கிறவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, அம்மையும் கூப்பிடலாம்.